மாயாபந்தருக்கு இரண்டு இரவல் ஆடுகளுடன்

சபையோரே, முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். இப்போது சொல்லப்போகும் கதையை நீங்கள் யாரும் நம்பமாட்டீர்கள். முப்பத்திரண்டு வருடமாக என் வாயிலிருந்து வந்த எதையும் நம்பாத அனுபவசாலி என் மனைவி. அவளே இதைக் கேட்டுவிட்டு, "இதுக்கு முன்னாடி அளந்ததெல்லாம் பரவாயில்லைங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

ஆனால் ஒரு தர்மம் எனக்கு உண்டு. பஸ் நேரம், கட்டணம், தூரம் இந்த மூன்றிலும் நான் பொய் சொல்வதில்லை. மற்றவற்றில் கடலையே அளப்பேன். என் பயணப் பதிவை நம்பி ஒருவர் நாலு மணி பஸ்ஸுக்கு ஐந்து மணிக்கு வந்து நின்றால், அந்தப் பாவம் ஏழு தலைமுறைக்கும் தொடரும். போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுண்டரின் ஜன்னலை முப்பத்தொரு வருடம் ஆண்டவன் நான். மெயின்லேண்ட் போகும் கப்பலுக்கு மூன்று நாள் வரிசையில் நின்ற மக்கள் என் ஒரு தலையசைப்புக்காகத் தவம் கிடந்த காலம் அது. இப்போது ஓய்வுபெற்று, பத்துபஸ்தியில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து விமான நிலையத்தை மேற்பார்வை பார்க்கிறேன். நான் கையசைக்காமல் எந்த விமானமும் இறங்குவதில்லை.

சென்ற பிப்ரவரியில் மாயாபந்தர் போனதற்குக் காரணம் ஊர் சுற்றும் ஆசை அல்ல. என் மைத்துனன் மகள் தேன்மொழி. வீட்டில் தேனு. மெயின்லேண்டில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது அவள் வேலை. இந்த ஆய்வில் ஒரு விசேஷம். ஒவ்வொரு முறையும் புது வீடுகளைத் தேடமாட்டார்கள். சில வருடங்களுக்கு ஒரு முறை அதே வீடுகளுக்கே திரும்பத் திரும்பப் போவார்கள். கூரை என்ன, விளக்கு என்ன, யார் என்ன வேலை, பிள்ளை எதுவரை படித்திருக்கிறது, ஆடு மாடு உண்டா என்று தொட்டிலில் கிடந்த குழந்தை தொட்டில் கட்டும்வரை விடாமல் கேட்பார்கள். ஒரு வீடு விட்டுப்போனால் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. நம் பல் விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பல்லை வாங்கி மாட்டிக்கொள்ள முடியுமா?

மாயாபந்தர் பக்கம் அப்படி நாற்பது வீடுகள். முதல் சுற்றை வேறு யாரோ எடுத்தார்கள். அடுத்த இரண்டு சுற்றும் தேனு. ஜனவரியில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பதினேழாம் வீட்டின் பதில்கள் மூன்று சுற்றிலும் அச்சு அசலாக ஒன்றே என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டதாம். வயதை மட்டும் கம்ப்யூட்டரே கூட்டிக்கொள்ளும். மற்றபடி அதே ஓலைக் கூரை, அதே மண்ணெண்ணெய் விளக்கு, அதே இரண்டு ஆடு. வீட்டுக்குப் போகாமலே பழைய தாளைப் பார்த்து எழுதிவிட்டாள் என்று சந்தேகம். சரிபார்க்க ஓர் அதிகாரி வருவார். சந்தேகம் உறுதியானால் அவள் எடுத்த நாற்பது வீடுகளையும் அழித்துவிடுவார்கள். அவளையும் அனுப்பிவிடுவார்கள்.

"நான் போனேன் மாமா. ரெண்டு தடவையும் போனேன். ஆட்டைக் கண்ணால பாத்தேன்" என்று தேனு எங்கள் வீட்டு அடுக்களையில் நின்று அழுதாள். அவள் அழுது முடிப்பதற்குள் என் மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்க சும்மாதானே இருக்கீங்க? பிள்ளைகூடப் போங்க." அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மேல்முறையீடு இல்லாத நீதிமன்றம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை அதிகாலை 3.30க்கு ஆட்டோ. பத்துபஸ்தியிலிருந்து பஸ் ஸ்டாண்டு ஐந்து கிலோமீட்டர், 150 ரூபாய். ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயர் வந்துவிட்டது. ஆனால் கண்டக்டர்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் கூவுகிறார்கள், குழம்ப வேண்டாம். முன்பதிவு செய்த தனியார் பஸ், ஆளுக்கு 450 ரூபாய், சரியாக 4.00க்குக் கிளம்பியது. சரிபார்க்கும் அதிகாரி ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பிரபாகர், சென்னை, முப்பது வயதுக்குள். மடியில் லேப்டாப்பை முதல் பேரனைப் போல அணைத்திருந்தார்.

"நீங்க யாரு அங்கிள்?"

கப்பலையே நிறுத்தி வைத்தவனை அங்கிள் என்கிறான்! "இந்தப் பொண்ணோட மாமா. என் டிக்கெட் என் காசு" என்றேன்.

"கேள்வி கேட்கும்போது மேடம் உள்ளே இருக்கக் கூடாது. நீங்களும் பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது."

"தம்பி, எனக்கே என் வீட்டில் பதில் சொல்ல அனுமதி கிடையாது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல அதிகாரிதான்.

ஜிர்காடாங் சோதனைச் சாவடி 47 கிலோமீட்டர். 5.20க்குப் போய் வரிசையில் நின்று, 6.00 மணி கான்வாயில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுக்குள் விடப்பட்டன. இங்கே விளையாட்டு இல்லாமல் ஒரு வார்த்தை: இது ஜாரவா மக்களின் காடு. நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள். அதன் பிறகு மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ்ஸோடு நாமும் படகேறி பாராடாங்கில் இறங்க வேண்டும். அங்கே 7.50க்கு இட்லி, நாலு 40 ரூபாய். அதன் உறுதிக்கு ஒரு படகு ஜெட்டியே கட்டலாம். அடுத்த கால்வாய்க்கு இப்போது பாலம் வந்துவிட்டது, படகு கிடையாது. கதம்தலா தாண்டியதும் சாலை ஆரம்பித்தது. அதாவது குழிகள் ஆரம்பித்தன. ஒரு குழியில் விழுந்த என் முதுகெலும்பு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வீடு வந்து சேர்ந்தது. ரங்கத்தில் 11.40க்கு மீன் சாப்பாடு, 180 ரூபாய். மாயாபந்தர் சேர்ந்தபோது மணி 2.35. மொத்தம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர்.

வழியெல்லாம் தேனு குனிந்தே இருந்தாள். கையில் அவளுடைய அடையாள அட்டை. அதன் ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டே வந்தாள். ரங்கத்துக்கு அப்புறம் மெல்லக் கேட்டாள்: "மாமா, அந்த நாப்பது வீட்டுக்காரங்களும் எனக்கு டீ போட்டுக் குடுத்தவங்க. அதெல்லாம் நடக்கவே இல்லைன்னு ஆயிடுமா?" வாய்ச்சொல்லில் வீரனான நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

விதிப்படி பதினேழாம் வீட்டுக்கு முன்கூட்டியே கடிதம் போயிருந்தது: வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறோம் என்று. பிரபாகர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், "நாளைக்கு வேண்டாம். இப்பவே போவோம்" என்றார். எனக்கு அவர்மேல் முதல் முறையாக மரியாதை வந்தது. இந்த மாதிரித் திருட்டு யோசனை என் கவுண்டருக்கு வந்திருந்தால் நான் துறைமுகத்தையே ஆண்டிருப்பேன்.

வீடு ஜெட்டியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே. (ஊர்ப் பகுதியையும் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஆய்வில் பேசியவர்களை அடையாளம் காட்டக் கூடாது. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆடுகளின் நிறத்தைக்கூட மாற்றிவிட்டேன்.) ஆட்டோ ஒன்றும் அகப்படவில்லை. ஒரு சின்னச் சரக்கு வண்டி நின்றது. டிரைவர் பெயர் முருகேசு. ஆளுக்கு 50 ரூபாய் என்றார்.

"முன்னாடி ஒருத்தருக்குத்தான் ஜகா சாப். மத்தவங்க பீச்சே. பகரியோட கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

எங்கள் தீவில் தமிழும் இந்தியும் கலந்துதான் ஓடும்: ஜகா என்றால் இடம், பீச்சே என்றால் பின்னால், காடி என்றால் வண்டி, பகரி என்றால் ஆடு. பின்னால் இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. பிரபாகர் முன்னால் ஏறினார். அரச குலத்தவனான நான் ஆட்டுக்கும் தேனுவுக்கும் நடுவே வீற்றிருந்தேன். டிரைவர் முதுகுப்பக்கக் கண்ணாடி எப்போதோ உடைந்துபோயிருந்ததால் முன்னால் பேசியதெல்லாம் கேட்டது.

பிரபாகர் வழி சொன்னார். முருகேசு குதூகலமானார். "அரே, நானும் அங்கேதான் போறேன்! பழனியாயி அக்கா வூட்டுக்குத்தான் இந்த ஆடு."

"ஆடு வாங்கியிருக்காங்களா?"

"வாங்குறதா? இது நம்ம பெங்காலி அண்ணன் மண்டல் தாதா ஆடு சாப். சர்வேக்காரங்க வந்தா ஆடு போகும், சர்வே முடிஞ்சா ஆடு திரும்பும். போன தடவையும் நம்ம காடிதான். அப்ப இதோட அம்மா."

ஆடுகள்கூட மெல்லுவதை நிறுத்தின. பிரபாகர் மெதுவாகத் திரும்பி உடைந்த கண்ணாடி வழியாகத் தேனுவைப் பார்த்தார்.

"மேடம், நீங்க லெட்டர் போட்டதும் இங்க ஆடு கிளம்புது."

தேனுவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் உடையவில்லை. "லெட்டர் போடணும்கிறது உங்க ரூல் சார்."

"ஆடு?"

"ஆடு எனக்குத் தெரியாது."

"கேக்குறவங்க நம்பணுமே" என்றார் பிரபாகர். அவர் சொன்னதில் தப்பில்லை. நானே நம்பியிருக்கமாட்டேன்.

3.40க்குச் சந்துக்குள் திரும்பினோம். எதிரே, நடுச் சந்தில், ஒரு ஃப்ரிட்ஜ் நடந்து வந்துகொண்டிருந்தது. கயிறு கட்டி, மூங்கிலில் கோத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பல்லக்குப்போலத் தூக்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் நரைத்த மீசைக்காரர். சட்டை இஸ்திரி போட்டது, தோளில் மட்டும் சம்பந்தமில்லாமல் ஒரு மண்வெட்டி. வண்டியைப் பார்த்து நின்றார். எங்களைப் பார்த்தார். தேனுவைப் பார்த்தார். ஃப்ரிட்ஜைக் கீழே வைத்தார்.

"ஐயையோ, நாளைக்குத்தானே வரணும் நீங்க?"

அவர்தான் கருப்பையா, பழனியாயி அம்மாவின் கணவர். ஃப்ரிட்ஜ் பக்கத்து வீட்டுக்குப் போகிறதாம். சர்வே நாள் முழுக்க அங்கேதான் இருக்குமாம். "மண்வெட்டி எதுக்கு?" என்று பிரபாகர் கேட்டார்.

"நான் சிமெண்டுக் கல்லு அறுக்குற பட்டறை வெச்சிருக்கேன் சார், ஏழு பேரு வேலை பாக்குறாங்க. ஆனா உங்க பேப்பர்ல நான் ரோட்டு வேலை கூலியாள். அதனால நாளைக்குப் பட்டறையை மூடிட்டு ரோட்டு வேலைக்குப் போகணும். எம் பொண்டாட்டி அனுப்பிடுவா. போன தடவை அங்க மேஸ்திரி என்கிட்டயே கல்லு வாங்குறவன். முதலாளி மண்ணு வெட்டுறாரேன்னு படம் எடுத்துட்டான்." மனிதருக்கு அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

பிரபாகர் தேனுவை வாசற்படியில் உட்காரச் சொன்னார். அவளோடு ஆடுகளும் உட்கார்ந்தன. என்னை, வாயைத் திறக்காமல் இருந்தால் உள்ளே வரலாம் என்றார். சரித்திரத்தில் முதல் முறையாக ஒப்புக்கொண்டேன்.

பழனியாயி அம்மா முற்றத்தில் நின்றார். அறுபதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, எலுமிச்சை மிட்டாய் நிறத்தில் புடவை. பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் அவர் முதலில் சொன்னது இதுதான்: "அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க சார். அது கேட்டதுக்கு நான் சொன்னதை எழுதிச்சு. நான் பொய் சொல்லல."

"ரெண்டு ஆடு இருக்குன்னு சொன்னீங்க."

"இருந்துச்சே. அன்னிக்கு வூட்டுல ரெண்டு ஆடு நின்னுச்சா இல்லையா?"

"மண்ணெண்ணெய் விளக்குன்னு சொன்னீங்க."

"ஏத்தி வெச்சிருந்தேனே. மெயின் சுவிட்சையே அணைச்சுட்டுத்தான் ஏத்துனேன்."

"பொண்ணு மூணாங்கிளாஸ்னு சொன்னீங்க. அப்ப அவங்களுக்கு வயசு இருபது!"

"மூணாங்கிளாஸ் படிச்சிருக்கான்னு சொன்னேன். படிக்கலையா? மூணாங்கிளாஸ் படிக்காம எப்படி சார் நர்ஸ் ஆவா?"

நான் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டேன். பிரபாகர் லேப்டாப்பை மூடினார். "ஏம்மா இவ்வளவு பாடு?"

அவர் சொன்னார். இதை நான் அளக்கப்போவதில்லை. பழனியாயி பிறந்தது இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். குடும்பத்தோடு கப்பலேறி இந்தியா வருவதற்குக் காகிதம் போட்டார்கள். முதலில் வந்த அதிகாரியிடம் அவர் அப்பா தான் ஆடியில் பிறந்ததாகச் சொன்னார். இரண்டாவது அதிகாரியிடம் ஆவணி என்றார். அவருக்கே நிச்சயமாகத் தெரியாது. இரண்டு பதில் சொன்னவன் என்று அவர்கள் காகிதம் மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டது. "பெட்டியைக் கட்டி வெச்சுட்டு மூணு வருசம் உக்காந்திருந்தோம் சார். பக்கத்து லயத்துல, அந்த வரிசை வூடுகள்ல இருந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. எங்கப்பா எங்க நாலு பேரையும் நிக்க வெச்சுச் சொன்னாரு: ஆபீசருகிட்ட முதல்ல என்ன சொன்னியோ அதையே சாகுற வரைக்கும் சொல்லணும். பொய்யும் சொல்லக் கூடாது. ரெண்டும் முக்கியம்."

ரெண்டும் முக்கியம். அதனால்தான் முதல் சுற்றில் சொன்ன பதில்களை அன்று மாலையே மகளின் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு முறை கடிதம் வரும்போதும் அந்த நோட்டை எடுத்து, வீட்டையே அந்தப் பக்கத்துக்குத் தகுந்தபடி மாற்றி அமைத்திருக்கிறார்கள். கருப்பையா அலமாரியிலிருந்து நோட்டைக் கொண்டுவந்தார். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு திசை பார்த்து நின்றது. "ஆடு 2. மாடு இல்லை. கூரை ஓலை."

பிரபாகர் நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே தகரக் கூரை. "இதை என்ன பண்ணீங்க?"

"மேல ஓலை போட்டு மூடிருவோம்" என்றார் கருப்பையா சோகமாக. "நாளைக்குக் காலையில ஏறலாம்னு இருந்தேன்."

தேனு பழைய தாளைப் பார்த்து எழுதவில்லை, வீடே பார்த்து எழுதியிருக்கிறது! ஆதாரம் கையில் வந்துவிட்டது, கதை முடிந்தது என்று நான் மனதுக்குள் முரசு கொட்டினேன். முடியவில்லை. பிரபாகர் சொன்னார்: "நோட்டு மட்டும் போதாதும்மா. பழைய பதில் உங்க வாயால சொன்னதுதான்னு நீங்க ஒத்துக்கணும். இப்ப நிஜமா என்ன இருக்குன்னு புதுசா சொல்லி, கையெழுத்தும் போடணும். இல்லைன்னா நான் மேடத்தைக் காப்பாத்த முடியாது."

பழனியாயி அம்மா தலையை ஆட்டினார். முடியாது என்று.

"பதிலை மாத்த மாட்டேன் சார். வேணும்னா அடிங்க."

வாசற்படியில் தேனு குனிந்திருந்தாள். ஆடு ஒன்று அவள் துப்பட்டாவின் நுனியைத் தின்றுகொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து ஒரே ஒரு தடவை "அக்கா" என்று கெஞ்சியிருக்கலாம். கெஞ்சவில்லை. கூடாது என்று விதி. நாற்பது வீடும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள், பாவி. அவள் எழுதியதெல்லாம் நிஜமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அதுவரை சொந்தக்காரன் என்பதால் நம்பியிருந்தேன்.

பிரபாகருக்கும் அது பட்டிருக்க வேண்டும். லேப்டாப்பைத் திறந்து பழைய பதிவில் எதையோ தேடினார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டாம். யாரும் படிக்காத கட்டம். அதில் போன சுற்றில் தேனு எழுதியிருந்தாள்: "சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வெளிர்நிறச் சதுரம். ஏதோ நகர்த்தப்பட்டிருக்கிறது. கேட்டேன், பதில் இல்லை. யாராவது மறுபடி வந்து பார்க்கவும்." பிரபாகர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு ஃப்ரிட்ஜ் இருந்த சுவரைப் பார்த்தார். சதுரம் அங்கேதான் இருந்தது.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து, தரையில், அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா, நாங்க ஏன் ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வர்றோம்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"நாங்க மாத்திச் சொல்றோமான்னு பாக்கத்தானே?"

"இல்லைக்கா. உங்க வாழ்க்கை மாறிச்சான்னு பாக்க. மாறினதைச் சொன்னாத்தான் எங்களுக்கு வேலையே."

பழனியாயி அம்மா கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவுதானா? இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" உடனே மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. "நீங்க இன்னிக்கு இப்படிச் சொல்வீங்க. நாளைக்கு இன்னொரு ஆபீசர் வந்து, அன்னிக்கு ஆடுன்னியே, எங்க ஆடுன்னு கேட்டா? நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க."

"நானா?"

"நாங்க எத்தனை கையெழுத்துப் போட்டிருக்கோம்! நீங்க ஒண்ணு போடுங்க."

அப்படி ஒரு தாளுக்கு விதியில் இடம் இல்லை. மேலிடத்தைக் கேட்கலாம் என்று போனை எடுத்தார், சிக்னல் இல்லை. இரண்டு நிமிடம் யோசித்தார். வாழ்நாளில் அவர் எடுத்த மிகப் பெரிய முடிவு அதுவாகத்தான் இருக்கும். அந்த நோட்டிலேயே ஒரு தாள் கிழித்து எழுதினார்: "பழனியாயி அவர்கள் முன்பு சொன்ன பதிலை மாற்றிச் சொல்லலாம். வாழ்க்கை மாறினால் பதிலும் மாறும். இதனால் அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை." கையெழுத்து, தேதி. சாட்சிக் கையெழுத்து நான். மூன்று பக்கத்துக்கு நீளும் என் ராஜ கையெழுத்தை அந்தச் சின்னத் தாளுக்காகச் சுருக்கிப் போட்டேன்.

கருப்பையா அதை இரண்டு தரம் உரக்கப் படித்தார். அம்மா தாளை மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்தார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பழக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கை நோக்கி நீண்ட கையை இழுத்துக்கொண்டு, சுவர் பக்கம் போய் சுவிட்சைப் போட்டார். ட்யூப் லைட் இரண்டு முறை கண்ணடித்துவிட்டு எரிந்தது.

அப்புறம் வந்ததுதான் பிரளயம். ஆடு? "இல்லை!" என்றார், பெரிய சொத்து வாங்கியவர் போல. கூரை? தகரம். ஃப்ரிட்ஜ்? "சந்துல நிக்குது, போய்ப் பாருங்க." மகள்? கேம்பல் பே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எது எந்த வருடம் வந்தது என்று கேட்டபோதுதான் தடுமாறினார்கள். எங்கள் தீவில் யாருக்கும் வருடம் நினைவிருக்காது, கப்பல்தான் நினைவிருக்கும். "ஃப்ரிட்ஜ் அந்த நொண்டிக் கப்பல்ல வந்துச்சு" என்றார் கருப்பையா. "தகரம், பெரிய கப்பல் ரிப்பேருக்குப் போன சீசன்ல."

பிரபாகர் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைக் கனைத்தேன். முப்பத்தொரு வருடம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் சேர்த்த கல்வி முழுவதும் அந்த ஒரு மாலைக்காகத்தான் என்று புரிந்தது. எந்தக் கப்பல் எந்த வருடம் எந்த மாதம் ஓடியது, எது எப்போது நின்றது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதினார். "தேங்க்ஸ் சார்" என்றார். அங்கிள் போய்விட்டது, கவனித்தீர்களா? 7.10க்கு முடிந்தது. முருகேசு ஆடுகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தார். திரும்பும் வழியிலும் ஆளுக்கு 50 ரூபாய், ஆடுகளுக்கு இலவசம்.

போக நினைப்பவர்களுக்கு: பஸ்ஸை ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்யுங்கள், வலப்பக்க இருக்கையில் வெயில் அடிக்கும். மாயாபந்தரில் லாட்ஜ் அறை 1,200 ரூபாய், சுத்தமானது, கொசுக்கள் புறா அளவு. மறுநாள் நேரம் இருந்தால் சுமார் 13 கிலோமீட்டரில் கர்மாடாங் கடற்கரை போங்கள்; பிப்ரவரியில் ஆமைகள் கரையேறும் காலம், டார்ச் அடிக்காதீர்கள். கையில் ரொக்கம் வையுங்கள், போனை நம்பாதீர்கள். உங்கள் வீட்டுக்கு எப்போதாவது ஆய்வுக்காரர் ஒருவர் தாளும் கையுமாக வந்தால், டீ கொடுங்கள், உள்ளதைச் சொல்லுங்கள், போன தடவை சொன்னதை மறந்துவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்துத் தேனுவுக்குக் கடிதம் வந்தது. நாற்பது வீடுகளும் நிற்கின்றன. அடுத்த சுற்றுக்கும் அவள்தான் போகிறாள். இனி எந்த வீட்டிலும் முதல் கேள்விக்கு முன்பு, "மாறியிருந்தால் மாற்றியே சொல்லலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று பயிற்சியில் சேர்த்திருக்கிறார்களாம். தேனு அந்தக் கடிதத்தை எங்கள் வீட்டு அடுக்களையில் படித்துக் காட்டி மறுபடி அழுதாள். இந்த முறை என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, பாயசத்துக்கு முந்திரி எடுக்கப் போனாள்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஃப்ரிட்ஜ் நடந்து வந்ததாக நான் சொன்னதை நீங்கள் குறைத்துக்கொள்ளலாம். ஆடுகள் மெல்லுவதை நிறுத்தியதையும், என் கையெழுத்தின் நீளத்தையும் கழித்துவிடலாம். வேண்டுமானால் எல்லாவற்றையுமே கழியுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அப்போது நான் அந்த அறையில் இருந்தேன். தாளின் கடைசிக் கேள்வி: போன தடவைக்கு இப்போது உங்கள் வாழ்க்கை எப்படி? மோசமா, அப்படியேவா, மேலா? இரண்டு முறை அதற்கு "அப்படியே" என்று சொன்ன பெண், இந்த முறை கணவரைப் பார்த்தார், ட்யூப் லைட்டைப் பார்த்தார், வாசலில் இருந்த தேனுவைப் பார்த்தார். பிரபாகரின் டீ ஆடை கட்டிவிட்டது. பிறகு, யாராவது காதில் வாங்கிப் பறித்துவிடுவார்களோ என்பது போல, சின்னக் குரலில் சொன்னார்:

"நல்லா இருக்கோம். எழுதிக்கோங்க."